‘முதலியவை’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்:
ரா. செங்கோடன் (வயது 66),
லாரி புக்கிங் ஆபீஸ் எழுத்தர் (ஓய்வு),
மேற்குத் தெரு, வெள்ளக்கரட்டுப்பாளையம்,
பரமத்தி வேலூர் வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
வெள்ளக்கரட்டுப்பாளையம்.

பொருள்: வெள்ளக்கரட்டு ஏரிக்கரை நடைபாதை – நாட்டுச் செடிகள் அழிந்ததும் ஏரித் தண்ணீர் கெட்டதும் – அதற்குக் காரணமான மனுவின் மீது அந்த மனுவை எழுதியவரே புகார் அளித்தல் – 12.01.2026 அன்று நடக்கவுள்ள இரண்டாம் மருந்தடிப்பை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. எனது மனு, நாள் 14.07.2025.
2. தங்கள் அலுவலகப் பதில், நாள் 24.11.2025 (“கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டு மனு முடித்து வைக்கப்பட்டது”).
3. தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 29.12.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். தங்கள் அலுவலகத்துக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை, மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை என்று வருபவை என்பதை அறிவேன். இது, மனு கொடுத்தேன், நடவடிக்கை எடுத்துவிட்டார்கள் என்ற புகார். இதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று அலுவலர்களுக்குக் குழப்பம் வரலாம். எதில் ஏற்றினாலும் எனக்குச் சம்மதம். 12-ஆம் தேதிக்கு முன் ஏற்றினால் போதும்.

2. எனக்குச் சர்க்கரை நோய் உள்ளது. தினமும் நடக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்ததால் நான்கு ஆண்டுகளாக ஏரிக்கரை நடைபாதையில் நடந்து வருகிறேன். அங்கே நடப்பவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். சென்ற ஆனி மாதம் குழுவினருக்கு மூன்று குறைகள் இருந்தன. சீமைக் கருவேல முள் ஒருவருடைய ஷூவைத் துளைத்தது. பார்த்தீனியத்தால் இருவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு நாள் காலையில் சாரைப் பாம்பு ஒன்று பாதையைக் கடந்தது. அது தன் வேலையாகத்தான் போனது. நாங்கள்தான் எங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடினோம்.

3. இதன்மேல் நான் எழுதிய மனுவின் முக்கிய வரி பின்வருமாறு: “நடைபாதையின் இருபுறமும் மண்டியுள்ள முட்செடிகள், விஷச்செடிகள் முதலியவற்றை அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” முட்செடி என்று நான் நினைத்தது சீமைக் கருவேலத்தை. விஷச்செடி என்று நினைத்தது பார்த்தீனியத்தை. முதலியவை என்று நான் எதையும் நினைக்கவில்லை. இரண்டு பெயரோடு வரி மொட்டையாக நிற்கிறதே என்று, ஓசைக்காகச் சேர்த்தேன்.

4. இது தெரியாமல் செய்த தவறு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் லாரி புக்கிங் ஆபீஸில் பில்டி என்னும் சரக்குச் சீட்டு எழுதியவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பில்டியில் “பாத்திரம் முதலியவை” என்று எழுதினேன். அந்த லாரியைச் செக்போஸ்ட்டில் இரண்டு நாள் நிறுத்தி, தார்ப்பாயை அவிழ்த்து, கரண்டி வரைக்கும் கீழே இறக்கி எண்ணினார்கள். திரும்பி வந்த டிரைவர் என்னிடம், “முதலியவைன்னா என்னன்னு எங்கிட்டக் கேட்டாங்க. நீங்களே வந்து சொல்லுங்க” என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை அந்தச் சொல்லை நான் எழுதியதில்லை. அறுபத்தாறாம் வயதில், கேட்பாரில்லை என்ற திமிரில் எழுதிவிட்டேன்.

5. 08.09.2025 முதல் மூன்று நாட்கள் பொக்லைன் வைத்துக் கரை சுரண்டப்பட்டது. ஆவாரை, துத்தி, தும்பை, நொச்சி, பிரண்டை எல்லாம் ஒரே டிப்பரில் போயின. சீமைக் கருவேலம் தொடப்படவில்லை. ஒப்பந்ததாரரிடம் கேட்டபோது, அது மரக் கணக்கில் வருகிறது, மரம் வெட்டத் தனி அனுமதி வேண்டும் என்றார். பார்த்தீனியத்தை அகற்றினார்கள், கிளறிய மண்ணில் அது பதினைந்தே நாளில் முன்னைவிடச் செழிப்பாக வந்துவிட்டது. ஆக, நான் கேட்ட இரண்டும் அப்படியே இருக்கின்றன. நான் கேட்காத முதலியவை மட்டும் முழுமையாக அகற்றப்பட்டன. தங்கள் பதிலில் உள்ள “முழுமையாக” என்ற சொல்லுக்கு நான் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை.

6. ஊர்ச் சாக்கடை ஏரியில் வந்து விழும் இடத்தில் சம்புப் புல்லும் கோரையும் ஆள் உயரத்துக்கு நின்றன. எவ்வளவு சாக்கடை வந்தாலும் அதற்குள் புகுந்து மறுபக்கம் வரும்போது தண்ணீர் ஓரளவு தெளிந்துவிடும். அதையும் வழித்தெடுத்து, அந்த இடத்தில் செல்ஃபி பாயிண்ட் கட்டப்பட்டுள்ளது. சிவப்பு இதயம் ஒன்றும், ஊரின் பெயரும், பச்சை நிறப் பிளாஸ்டிக் புல்லும் வைத்திருக்கிறார்கள். சாக்கடை இப்போது இதயத்துக்கு நேர் கீழே நேரடியாக ஏரியில் விழுகிறது. படம் எடுப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். படங்கள் நன்றாகவே வருகின்றன.

7. 22.09.2025 அன்று பாதையின் தலைப்பில் பெயர்ப்பலகை திறக்கப்பட்டது. “திரு. ரா. செங்கோடன் அவர்களின் சீரிய கோரிக்கையை ஏற்று இந்நடைபாதை தூய்மைப்படுத்தப்பட்டது” என்று அதில் எழுதியிருக்கிறது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் பலகையோடு நான்கு படம் எடுத்துக்கொண்டேன், அதில் ஒன்றைக் குழுவில் இரண்டு முறை அனுப்பினேன். இதை மறைத்து மனு எழுதினால் என் மனசாட்சிக்கு ஆகாது என்பதால் குறிப்பிடுகிறேன்.

8. 13.10.2025 அன்று, மீண்டும் துளிர்த்த செடிகளுக்குக் களைக்கொல்லி அடிக்கப்பட்டது. அடித்தவர் காளிதாஸ் என்ற கூலித் தொழிலாளி. அவர் மீது எனக்குப் புகார் இல்லை. பின்னர் நான் விசாரித்தபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “தாள்ல முதலியவைன்னு போட்டிருந்துதுங்க. எது முதலியவைன்னு யாருஞ் சொல்லலீங்க. எதையாச்சும் உட்டுட்டா அப்பறம் பேச்சு வாங்கோணும்னு எல்லாத்துக்கும் அடிச்சுட்டேனுங்க.” வேலை முடிந்ததும் மருந்து டேங்க்கை மதகுப் படியில் இறங்கி ஏரியிலேயே கழுவியிருக்கிறார். வேறு எங்கே கழுவுவது என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. கரையில் செடி இல்லாததால் மருந்தும் மண்ணும் சேர்ந்து ஏரிக்குள் இறங்கின.

9. அந்த மதகிலிருந்து போகும் வாய்க்காலில் முதல் மடை, என் உடன்பிறந்த அக்காள் திருமதி பாவாயி (வயது 71) அவர்களின் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பாய்வது. நாற்பது சென்ட். மாமா இறந்தபின் அவர் ஒற்றை ஆளாக வைத்துக் காப்பாற்றும் மூன்றாம் வருடக் கொடி. வெற்றிலைக்குத் தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் ஆகாது என்பது இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தீபாவளி முடிந்த வாரத்தில் வாய்க்கால் பக்கத்துக் கொடிகளில் இலை சுருண்டு, ஓரம் கருகி, காம்போடு கழன்றது. பத்தாம் நாள் அக்காள் மடையை அடைத்துவிட்டார். கீழ்ப்பாதி போய்விட்டது. மேல்பாதிக்கு இப்போது பக்கத்துத் தோட்டத்து போர்வெல் தண்ணீரைக் கேட்டு வாங்கி விடுகிறார். அந்த போர் ஒவ்வோர் ஆண்டும் மாசியில் வற்றிவிடும். அதற்குள் ஏரித் தண்ணீர் தெளிந்தால் மேல்பாதி பிழைக்கும். மறுபடி மருந்து விழுந்தால் மடையைத் திறக்க முடியாது. இந்த மனுவின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

10. மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை என்பதால் நேரில் பார்க்கப் போனேன். கொடிக்காலுக்குள் செருப்போடு போகக் கூடாது. எங்கள் பக்கம் அது கோயில் மாதிரி. வரப்பில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து அக்காள் சொன்னார்: “செருப்போடயே வா சாமி. இனி இங்க என்ன இருக்குதுன்னு கழட்டறே.” நான் ஒரு காலில் ஷூவோடும் ஒரு காலில் இல்லாமலும் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆய்வு முழுமை பெறவில்லை.

11. நடந்ததற்கு நான்தான் காரணம் என்று அதுவரை அக்காளுக்குத் தெரியாது. நானாகச் சொல்லியிருக்க வேண்டும். கார்த்திகை முதல் வாரத்தில் மாட்டுக்குத் தவிடு வாங்கிக்கொண்டு வந்தவர் பலகை முன் நின்று எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. போகி அன்று வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆவாரம்பூ, வேப்பிலை, பூளைப்பூ மூன்றும் வைத்துக் காப்புக் கட்டுவது எங்கள் வழக்கம். பொறந்த வீட்டுக்கான காப்புக் கொத்தை ஒவ்வோர் ஆண்டும் அக்காள்தான் ஏரிக்கரையில் பறித்து, கட்டிக் கொண்டுவந்து, எங்கள் வாசல் இறவாரத்தில் தன் கையால் செருகுவார். அன்று அவர் இறவாரத்தைப் பார்த்துச் சொன்னார்: “இந்த வருசம் ஊட்டுக்குக் காப்புக் கட்டறதுக்குப் பூளைப்பூ இல்ல. உம்பேரத்தாங் கட்டோணும். பலகையில நல்லாப் பெருசா இருக்குது.” அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. பரமத்தி வேலூர் சந்தையில் பூளைப்பூ கட்டுக்கட்டாகக் கிடைக்கும். வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அவருக்கு என் அக்காளைத் தெரியாது.

12. தங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை வந்தேன். தபால் பிரிவில் இருக்கும் செல்வி இலக்கியா என்னை ஒவ்வொரு முறையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கோப்பைப் பார்த்துவிட்டு, “நீங்க கேட்டதைத்தானுங்க ஐயா செஞ்சிருக்காங்க. கையெழுத்துக்கூட உங்களுதுதானுங்களே” என்று வருத்தத்தோடு காட்டினார். என்னுடையதுதான். ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, பரிசோதனைக்கு அனுப்பும்படி கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது பாட்டில் ஜன்னலோரம் இருந்தது. தண்ணீர் வீணாக வேண்டாம் என்று யாரோ அதில் மணி பிளான்ட் கொடி ஒன்றைச் சொருகியிருந்தார்கள். மூன்றாம் நாளே கருகிவிட்டதுங்க என்று இலக்கியா சொன்னார். முறையான பரிசோதனை நடக்கும் வரை இதையே தற்காலிக முடிவாகப் பதிவு செய்துகொள்ளுமாறு வேண்டுகிறேன்.

13. இப்போது முக்கிய விவரம். முதல் மருந்தடிப்பின்போது பலகையின் கம்பங்களுக்கு இரண்டாம் கோட் பெயின்ட் அடித்து ஈரம் காயாமல் இருந்திருக்கிறது. மருந்து பட்டால் பெயின்ட் கெட்டுவிடும் என்று அந்த மூன்றடியை மட்டும் காளிதாஸ் விட்டுவிட்டார். மார்கழி பிறந்தபோது அங்கே பூளைப்பூச் செடி முளைத்து நிற்பதைப் பார்த்தேன். பதினொரு செடிகள். இப்போது வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. கரை முழுவதும் தேடிவிட்டேன், வேறு எங்கும் இல்லை. தங்கள் 29.12.2025 அறிவிப்பில், இரண்டாம் மருந்தடிப்பு “பெயர்ப்பலகையின் அடிப்பகுதியில் மண்டியுள்ள களைகள் முதலியவற்றுக்கும்” செய்யப்படும் என்று உள்ளது. அந்த அறிவிப்பை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவரை ஒருமுறை சந்தித்து என் பில்டிக் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

14. எவற்றை அழிக்கக் கூடாது என்று இந்த முறை பெயர் பெயராக எழுதிக் கொடுக்க நினைத்தேன். பில்டி எழுதியவனுக்குச் சரக்கு தெரியும், செடி தெரியாது. எட்டுப் பெயருக்கு மேல் ஓடவில்லை. சென்ற சனிக்கிழமை பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு கொடிக்கால் வரப்புக்குப் போனேன். இரண்டு ஷூவையும் கழற்றிவிட்டு வெளியே நின்று, செடிப் பெயர் மட்டும் வேண்டும் அக்கா, மருந்தடிப்பை நிறுத்த மனு எழுதுகிறேன் என்றேன். அப்புறம் கொடிக்குக் கட்டு போட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினேழு பெயர்கள். ஆறு வாரத்தில் அவர் என்னிடம் பேசிய பேச்சு அந்தப் பதினேழு பெயர்தான். கடைசியில், “இதையாச்சும் ஒழுங்கா எழுது” என்றார். அதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும்.

15. மேற்கண்ட காரணங்களால் தங்களிடம் வேண்டுவது:

(அ) 12.01.2026 அன்றைய மருந்தடிப்பை நிறுத்த வேண்டும். தள்ளிவைத்தல் போதாது.

(ஆ) ஏரித் தண்ணீரை முறையாகப் பரிசோதித்து முடிவை ஊர் அறியச் சொல்ல வேண்டும். மதகுப் படியில் மருந்து டேங்க் கழுவுவதைத் தடை செய்து, கழுவுவதற்கு வேறு இடமும் காட்ட வேண்டும். இடம் காட்டாமல் தடை மட்டும் செய்தால் காளிதாஸ் என்ன செய்வார்.

(இ) சாக்கடை விழும் இடத்தில் சம்பும் கோரையும் திரும்ப வளர விட வேண்டும். இதயத்தை வேறு இடத்துக்கு மாற்றலாம்.

(ஈ) சீமைக் கருவேலத்துக்கு வேண்டிய அனுமதியைப் பெற்று வேரோடு எடுக்க வேண்டும். பார்த்தீனியத்தை ஆள் வைத்துக் கையால் பிடுங்க வேண்டும். கையுறை தருவதென்றால் எங்கள் நடைப்பயிற்சிக் குழுவினர் இருபத்திரண்டு பேரும் வருகிறோம். குனிந்து நிமிர்வதும் சர்க்கரைக்கு நல்லது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

(உ) எனது 14.07.2025 மனுவை ரத்து செய்ய வேண்டும். முழு மனுவையும் ரத்து செய்ய விதி இல்லையென்றால் அந்த ஒரு சொல்லை மட்டுமாவது அடித்துவிட வேண்டும். அடித்த இடத்தில் கையெழுத்துப் போட எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.

16. பலகையிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும் என்று ஆறாவதாக ஒரு கோரிக்கை எழுதி வைத்திருந்தேன். அந்த வழியாகப் போகும்போது நான் இப்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். கழுத்து வலிக்கிறது. ஆனால் நேற்று மாலை நின்று பார்த்தேன். பலகையைக் கழற்ற வேண்டுமென்றால் கம்பத்தைப் பிடுங்க வேண்டும். கம்பத்தைப் பிடுங்கினால் பதினொரு செடியும் போய்விடும். பெயின்ட் அடித்து மறைக்கலாம் என்றால் ஏணி வைக்கும் இடமும் அதுதான். தை கடைசியில்தான் விதை உதிரும் என்கிறார்கள். ஆகவே அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். விதை விழும் வரை என் பெயர் அங்கேயே இருக்கட்டும். போகிறவர் வருகிறவர் படித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் பொறுமையாகப் படித்ததற்கு நன்றி. இந்த முறை நான் எழுதியதை மட்டும் செய்து தருமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

நாள்: 05.01.2026
இடம்: வெள்ளக்கரட்டுப்பாளையம்

இப்படிக்கு,
ரா. செங்கோடன்
(கையொப்பம்)

இணைப்பு:
1. கருகிய வெற்றிலை – மூன்று (உறையில்).
2. சால்வை – ஒன்று (திருப்பி அளிக்கப்படுகிறது, ஒருமுறை மட்டுமே போர்த்தியது).
3. அழிக்கக் கூடாத செடிகள்: பூளைப்பூ, ஆவாரை, துத்தி, தும்பை, நொச்சி, பிரண்டை, நாயுருவி, குப்பைமேனி, ஊமத்தை, எருக்கு, கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி, கீழாநெல்லி, கோரை, சம்பு, அருகு. ஆகப் பதினேழு. முதலியவை இல்லை.

நகல்:
திருமதி பாவாயி, ஏரி மதகு, முதல் மடை. (எழுத்துக் கூட்டிப் படிப்பவர் என்பதால் பெரிய எழுத்தில் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்படுகிறது. செருப்பில்லாமல்.)